காட்டுப்பன்றி இறைச்சியின் வெடுக்கு: காட்டிலிருந்து வருகிறதா, கத்தியிலிருந்து வருகிறதா?

2024 நவம்பர் 8, தெமட்டகொடையிலிருந்து ஒரு வாசகர்

காட்டுப்பன்றி இறைச்சியில் இருக்கும் வெடுக்கு அந்த விலங்கின் பிறவிக் குணம். சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துவிட்டால் வெடுக்கு வராது என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வது வெறும் பெருமைப் பேச்சு என்றே நான் நினைக்கிறேன். கொழும்பில் மூன்று முறை சாப்பிட்டிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே நாற்றம். அனுபவம் உள்ளவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?

2024 நவம்பர் 9

மறுக்கிறேன். கந்தசஷ்டி விரதம் நேற்றோடு முடிந்தபடியால் இன்று இறைச்சியைப் பற்றி எழுதத் தடையில்லை.

நான் வெள்ளவத்தைக்கு வந்து முப்பத்தைந்து வருடங்களாகின்றன. அதற்கு முன்பு நெடுங்கேணிப் பக்கம் வளர்ந்தவன். தந்தையிடம் அனுமதிப் பத்திரம் பெற்ற துவக்கு ஒன்று இருந்தது. அது வேட்டைக்காக வாங்கியது என்பதைவிட, கச்சானையும் மரவள்ளியையும் இரவோடிரவாகக் கிண்டிப் போடும் பன்றிகளுக்காக வாங்கியது என்பதே சரி. மானும் மரையும் சருகுமான் எனப்படும் உக்குளானும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; ஆகவே இங்கே நான் எழுதுவது பயிர்க்காவலில் விழுந்த பன்றிகளைப் பற்றியே என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

1974ஆம் ஆண்டு, எனக்குப் பதினாறு வயது. ஒரே வாரத்தில் இரண்டு பெண் பன்றிகள் விழுந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பருமன்; ஒரே தோட்டத்துக் கச்சானைத் தின்றவை. முதலாவது பன்றி விழுந்து அரை மணித்தியாலத்துக்குள் அதன் குடல் வெளியே இருந்தது. இரண்டாவது, அடிபட்டுப் பற்றைக்குள் ஓடி மறைந்தது. விடியும் வரை தேடி, காலை ஏழு மணிக்கு வயிறு உப்பிய நிலையில் கண்டெடுத்தோம். தந்தை அதை விட்டுவிட்டு வரலாம் என்றார், சிறியதந்தை கேட்கவில்லை. கொண்டுவந்து, மஞ்சளும் மிளகும் தாராளமாகப் போட்டு, இரண்டு மணித்தியாலம் அவித்தும் அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் அகப்பையைப் பிடித்தார். முதலாவது பன்றியின் இறைச்சி உப்பும் தூளும் மட்டுமே போட்டு வாட்டியது. ஆட்டிறைச்சியைப் போல இருந்தது.

விலங்கு ஒன்றுதான், காடும் ஒன்றுதான். இடையில் இருந்தது ஓர் இரவு.

2024 நவம்பர் 10

கனடாவில் இருக்கும் என் மருமகன் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, அடுத்த கிழமை ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போகிறேன், வரிசையாக எழுதிவிடுங்கள்" என்று கேட்டிருக்கிறான். அவன் பிடிப்பது வெண்வால் மான். எனக்குப் பழக்கமானது பன்றி. இருந்தாலும் உள்ளே இருக்கும் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே என்பதால் எழுதுகிறேன்.

விழுந்த விலங்கை முதுகுப் பக்கமாக நெருங்கி, நீண்ட தடி ஒன்றால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை அசைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. செத்ததாக நினைத்த பன்றி எழும்பியதால் தொடையில் தையல் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். துவக்கிலிருந்து தோட்டாவை எடுத்த பிறகே கத்தியைத் தொட வேண்டும்.

தலை சற்று மேடான பக்கத்தில் இருக்கும்படி மல்லாக்காகக் கிடத்த வேண்டும். எல்லோரும் வயிற்றிலிருந்து தொடங்குவார்கள். தந்தை பின்பக்கத்திலிருந்து தொடங்குவார். குதத்தைச் சுற்றி ஒடுக்கமான கத்தியால் வட்டமாக வெட்டி, குடலின் கடைசிப் பகுதியைச் சற்று வெளியே இழுத்து, நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார். பிறகு குடலை உள்ளிருந்து இழுக்கும்போது இந்தக் கட்டு இருப்பதால் சாணம் தொடை இறைச்சியில் சிந்தாது. சின்ன வேலைதான். ஆனால் அவசரக்காரர்கள் முதலில் தவிர்ப்பது இதைத்தான்.

அடுத்தது வயிறு. தோலைக் கிள்ளித் தூக்கி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சிறு துளை வெட்டி, அந்த இரண்டு விரல்களையும் உள்ளே விட்டு வயிற்றுச் சவ்வைக் குடலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி விரல்களுக்கு நடுவே நெஞ்செலும்பு வரை கொண்டுபோக வேண்டும். கூர் கீழ்நோக்கி இருந்தால் குடலையோ இரைப்பையையோ குத்தாமல் வர எவராலும் முடியாது, நான் முயன்றிருக்கிறேன். மூத்திரப்பையை அதன் கழுத்துப் பக்கத்தில் நெரித்துப் பிடித்து, சிந்தாமல் அறுத்து எடுக்க வேண்டும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையைத் தொடாமல் காப்பாற்ற வேண்டும், மானுக்கும் அப்படியே.

நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் பிரிமென்றகட்டை விலா எலும்பின் ஓரமாகச் சுற்றி வெட்டினால் நெஞ்சறை திறக்கும். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டு, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் எட்டக்கூடிய உயரத்தில் அறுத்து இழுத்தால், இதயம், நுரையீரல், ஈரல், குடல் எல்லாம் ஒரே கோவையாக வெளியே வரும். இந்த இழுவை சரியாக வந்துவிட்டால் ஏற்படும் நிறைவு வேறு. ஒரு முழு மரவள்ளிக் கிழங்கு முறியாமல் மண்ணிலிருந்து வருவதைப் போன்றது. கையுறை எதுவும் இல்லாமல், வெறுங்கையால் சூட்டை உணர்ந்து செய்தால்தான் எது எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

கடைசியாக உடலைக் குப்புறப் புரட்டித் தேங்கிய இரத்தத்தை வடியவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குச்சியைக் கொடுத்து அகட்டி, காற்று உள்ளே போகும்படி வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாலை மரக் கொப்புகளை வெட்டிப் பரப்பி அதன்மேல் வைப்பார்கள். கயிறு இருந்தால் கிளையில் தூக்கிவிடுவார்கள்.

2024 நவம்பர் 11

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, மானுக்குப் பித்தப்பை ஏது?"

உண்மை. மான் குடும்பத்து விலங்குகளுக்குப் பித்தப்பை கிடையாது. பித்தம் ஈரலிலிருந்து நேரே குடலுக்குப் போகிறது. முப்பது வருடம் பாடசாலையில் விலங்கியல் கற்பித்துவிட்டு இதை நான் எழுதியிருக்கிறேன். பழைய மாணவர்கள் யாராவது வாசித்திருந்தால் மன்னிக்கவும், பரீட்சைக்கு இது வந்திருக்காது. மருமகனே, நீ இல்லாத பித்தப்பையைத் தேடிக்கொண்டு ஈரலைப் பிய்த்துவிடாதே. பன்றிக்கு அது உண்டு. உக்குளான் உண்மையான மான் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல என்பதால் அதற்கும் உண்டு.

2024 நவம்பர் 14

வாக்களித்துவிட்டு வந்து எழுதுகிறேன். விரலில் மை இருக்கிறது.

உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது, ஒரு துளியும் கூடாது. கொழும்பில் சந்தையிலிருந்து கொண்டுவரும் இறைச்சியைக் குழாயின் கீழே வைத்துப் பத்து நிமிடம் அலசுவதைச் சுத்தம் என்று நாம் நினைக்கிறோம். இறைச்சியின் மேற்பரப்பு உலர்ந்து, மெல்லிய தோல் போலப் படிந்து இறுகினால் நுண்ணுயிர்கள் பெருகுவது குறையும். ஈரமாக இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். காட்டில் கிடைக்கும் தண்ணீரோ எருமை புரண்ட குளத்துத் தண்ணீர். இரத்தத்தைத் துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 நவம்பர் 17

மருமகனுக்கு நேற்று ஒரு மான் கிடைத்திருக்கிறது. வீடியோ அழைப்பில் பாதி வேலையைப் பார்த்தேன். மீதி நேரம் அவனுடைய காதைத்தான் பார்த்தேன்.

குதத்தைக் கட்டினான், நன்று. வயிற்றைத் திறக்கும்போது கத்தி ஓர் இடத்தில் சறுக்கி, அசைபோடும் விலங்கின் பெரிய முதல் வயிறு கிழிந்து, அரைத்த கீரையைப் போன்ற பச்சைச் சாறு உள்ளே முழுவதும் பரவிவிட்டது. "மாமா, தண்ணீர் ஊற்றக் கூடாது என்றீர்களே, இதைத் துணியால் துடைத்தால் தீருமா?" என்று கேட்டான். தீராது. நான்கு துணி துடைத்தும் பச்சை நிறம் விலாவில் ஒட்டிக்கொண்டே இருந்தது. குடிக்கும் தண்ணீர் இரண்டு போத்தல் இருந்தது; ஊற்றிக் கழுவி, உடனே ஈரம் இல்லாமல் துடைத்து, சாறு பட்ட மேல் இறைச்சியைச் சீவி எறியச் சொன்னேன்.

ஆகவே 14ஆம் திகதி எழுதியதைத் திருத்துகிறேன். சுத்தமாகத் திறந்த உடலுக்குத் தண்ணீர் வேண்டாம். இரைப்பையோ குடலோ கிழிந்து சிந்தினால் சுத்தமான தண்ணீரால் கழுவி, உலரத் துடைக்க வேண்டும். கழுவுவதைவிட, கழுவிய பிறகு உலர்த்தாமல் விடுவதுதான் பெரிய பிழை.

இன்னொன்று எனக்கே புதிது. ஆண் வெண்வால் மானின் பின்னங்கால் முழங்கணுவின் உட்பக்கத்தில், கறுத்த மயிர்க்கற்றையோடு ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது. இனப்பெருக்க காலத்தில் அந்த மயிரில் தன் சிறுநீரையே அது வடியவிடுமாம். அதைத் தொட்ட கையாலும் கத்தியாலும் இறைச்சியைத் தொட்டால் நாற்றம் இறைச்சிக்குப் போய்விடும். வாசகரே, கவனியுங்கள்: நாற்றம் விலங்கில் இருக்கிறது, ஆனால் இறைச்சியில் இல்லை; கைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அங்கே அப்போது வெப்பநிலை 3 பாகை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவன் மானைத் தூக்கிக் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். குளிர் அவனுக்காக வேலை செய்யும். வன்னியில் நள்ளிரவில்கூட 24, 25 பாகை. பன்றியின் உடற்சூடு ஏறக்குறைய 39 பாகை. மேலே தடித்த தோலும் அதன் கீழே கொழுப்பும் போர்வை போல இருக்கின்றன. உள்ளே குடல் கிடந்தால் அந்தச் சூடு விடியும் வரை இறங்காது. எங்கள் ஆட்கள் நுண்ணுயிரைப் பற்றிப் பேசியதில்லை. "சூடு இறங்க வேண்டும்" என்பார்கள். அந்த மூன்று சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

2024 நவம்பர் 18

அவன் இதயத்தையும் ஈரலையும் அன்றிரவே பொரித்துச் சாப்பிட்டுவிட்டானாம். முதுகெலும்பின் உட்புறத்தில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய தசைகளை மறந்துவிட்டான், காய்ந்து போயின. வேட்டைக்காரன் தனக்கென்று எடுத்து வைப்பது அந்த இரண்டையும்தான், மருமகனே.

2024 நவம்பர் 23

குடலை விரைவில் எடுத்தால் எல்லாம் சரி என்று நான் எழுதியதை வாசித்த சிலாபத்து நண்பர் ஒருவர், "நாய்கள் ஒரு மணித்தியாலம் துரத்திப் பிடித்த பன்றியை அதே நிமிடத்தில் வெட்டியும் இறைச்சி கறுத்து, ஒட்டிக்கொண்டு, மறுநாளே கெட்டது, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் எழுதியதில் பாதிதான் இருந்தது என்பதை இது காட்டிவிட்டது.

உயிருள்ள தசையில் கிளைக்கோசன் என்ற சக்திச் சேமிப்பு இருக்கிறது. விலங்கு இறந்த பிறகு அது இலக்டிக் அமிலமாக மாறி, ஏறக்குறைய 7 ஆக இருந்த பிஎச் பெறுமானத்தை (அமிலம் கூடக் கூட இது குறையும்) 5.5 அளவுக்குக் கொண்டுவருகிறது. அந்த மெல்லிய புளிப்புத்தான் இறைச்சிக்குக் காவல். நெடுநேரம் ஓடிக் களைத்த விலங்கு அந்தச் சேமிப்பை உயிரோடு இருக்கும்போதே எரித்துவிடுகிறது. பிறகு அமிலமாக மாறுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பிஎச் 6க்கு மேலேயே நிற்கிறது. இறைச்சி கறுப்பாக, கெட்டியாக, தொட்டால் ஒட்டும் தன்மையோடு இருக்கும், விரைவில் கெடும்.

தடக்கினால் வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கில் அடிபட்டு இழுத்துக்கொண்டு போகும் பன்றிக்கும், தீனிக்குள் மறைத்து வைத்த வெடியைக் கடித்துத் தாடை சிதறிய பன்றிக்கும் இதே கதைதான். அந்த வெடி பன்றிக்கென்று வைக்கப்பட்டு யானைக் குட்டிகளின் வாயில் வெடிப்பதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்திருக்கிறோம். தாடை உடைந்த விலங்கு உடனே சாவதில்லை. நாட்கணக்கில் பசியோடு அலைந்து சாகிறது. கொழும்பில் பொதியாக வந்து சேரும் இறைச்சி எப்படிச் செத்த பன்றியினுடையது என்பதை யார் கேட்கிறார்கள்? தெமட்டகொடை வாசகர் சாப்பிட்ட மூன்று தடவைகளும் எந்தக் கணக்கில் சேரும் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே 9ஆம் திகதி நான் "ஓர் இரவு" என்று எழுதியதும் முழு உண்மையல்ல. அந்த இரண்டாவது பன்றி அடிபட்டு ஓடியது. எவ்வளவு தூரம் ஓடியது, எப்போது விழுந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. வெடுக்கில் ஒரு பங்கு சூட்டினுடையது. ஒரு பங்கு அந்த ஓட்டத்தினுடையது.

2024 நவம்பர் 29

மூன்று நாளாக மழை. வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம். நெடுங்கேணியில் உறவினர்களோடு பேச முடியவில்லை. வீட்டுக்குள் அடைபட்டிருந்ததால் ஒரு விளையாட்டுச் செய்து பார்த்தேன்.

புறக்கோட்டையில் வாங்கிய, இறைச்சிக்குள் குத்தி வைக்கும் வெப்பமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. விடியற்காலை அறுத்த ஆட்டின் இரண்டு தொடைகளைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, சூடு ஆறுவதற்கு முன்பே வாங்கி வந்தேன். ஒன்றை அவர் தந்த சொப்பிங் பையிலேயே முடிந்து மேசையில் வைத்தேன். மற்றதைச் சமையலறை யன்னல் கம்பியில் கொழுவி, மின்விசிறியைத் திருப்பிவிட்டேன். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தொங்கியதன் உட்சூடு அறையின் சூட்டுக்கு அருகில் வந்திருந்தது; மேற்பரப்பு காகிதத்தைப் போல உலர்ந்திருந்தது. பைக்குள் இருந்தது வியர்த்து, இன்னும் நான்கு பாகை கூடுதலாக, மூக்குக்கு எட்டக்கூடிய ஒரு மணத்தோடு இருந்தது. மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, "இதற்கு விலங்கியல் படித்திருக்கத் தேவையில்லை" என்றார்.

ஊரிலிருந்து பஸ்ஸில் இறைச்சி அனுப்புகிறவர்கள் சூடாகவே பையில் கட்டி, அதை வெள்ளை நுரையாலான ரிஜிபோம் பெட்டிக்குள் வைத்து, மூடியை ஒட்டி அனுப்புகிறார்கள். பெட்டி குளிரைக் காப்பதைப் போலவே சூட்டையும் காக்கும். ஆறு மணித்தியாலப் பயணத்தில் அது பெட்டியல்ல, அடைகாக்கும் கோழி.

2024 டிசம்பர் 13

நவம்பர் 10இல் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை முழுதாக மீளப் பெறுகிறேன்: "வெறுங்கையால் சூட்டை உணர்ந்து செய்தால்தான் விளங்கும்." அது முட்டாள்தனம்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின் பரவிய காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியாகியிருக்கிறது. அந்த நுண்ணுயிர் எலியில் மட்டுமே இருப்பதல்ல. பன்றி, மாடு, நாய் எனப் பல விலங்குகளின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரோடு வெளியேறி, நம் கையிலுள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகவும் உள்ளே போகும். மூத்திரப்பையை நெரித்துப் பிடித்து அறுக்கச் சொன்னவனும் நான்தான், கையுறை வேண்டாம் என்றவனும் நான்தான். காட்டுப்பன்றிகளில் புருசெல்லா என்ற இன்னொன்றும் உண்டு; அதுவும் இரத்தத்தின் வழியாகக் கைக்கு வரும், மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும். என் சிறியதந்தைக்கு ஒரு வருடம் முழுவதும் வந்து போன "காட்டுக் காய்ச்சல்" என்னவாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். மலேரியா என்று மருந்து கொடுத்தார்கள்.

நீண்ட இறப்பர் கையுறை, முழங்கை வரை. வேலை முடிந்ததும் சவர்க்காரம். ஈரலில் வெள்ளைப் புள்ளிகளோ, வீங்கிய நிணநீர் முடிச்சுகளோ கண்டால் அந்த விலங்கைப் புதைத்துவிட வேண்டும். பன்றியிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகையை எட்டும் வரை வேக வேண்டும். திரிசினெல்லா என்ற புழுவின் காட்டு வகைகள் சில உறைய வைத்தாலும் சாவதில்லை.

ஒக்டோபரிலிருந்து இங்கே பேசப்படும் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொட்ட சப்பாத்தும் கத்தியும் அதை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோகும். இந்தக் காலத்தில் செத்துக் கிடக்கும் பன்றியை எவரும் தொட வேண்டாம்.

2024 டிசம்பர் 15

கழுத்தை அறுத்து இரத்தம் வடிப்பதைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்கிறார். நெஞ்சில் குண்டு பட்ட விலங்கின் இரத்தம் பெரும்பாலும் நெஞ்சறைக்குள்ளேயே வடிந்துவிடும். இதயம் நின்ற பிறகு கழுத்தை அறுத்தாலும் அதிகம் வராது. எங்கள் ஊர் முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு அது வேறு விடயம். அந்தக் காலத்தில் மான் விழுந்தால், உயிர் போவதற்கு முன் அறுத்துவிட வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு முள்ளுக்குள்ளால் ஓடுவார். அவருடைய ஓட்டத்தால் பலமுறை குடல் எடுக்கும் நேரமும் முந்தியது. இறைச்சி நன்றாக இருந்ததில் அவருக்கும் பங்குண்டு.

2024 டிசம்பர் 28

சூடான நாட்டில் குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டில் வத்தல். விரல் தடிப்பத்தில் நார்ப்பக்கமாக நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பூசி, பகலில் வெயில், இரவில் அடுப்புக்கு மேலே புகை. கொழுப்பை முழுவதும் சீவிவிட வேண்டும். காறல் மணம் முதலில் கொழுப்பில்தான் வரும்.

1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், வேடர்கள் மரப்பொந்துக்குள் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். தேனில் நீர் மிகக் குறைவு. அது இறைச்சியின் நீரை இழுத்துவிடும். களிமண் காற்றை அடைத்துவிடும். அறிவியல் சரியாகவே இருக்கிறது.

அதை எழுதும்போது கண்ணப்பர் நினைவுக்கு வந்தார். பெரியபுராணத்தில் திண்ணனார் பன்றியைக் கொன்ற அன்றே, அதே காட்டிலேயே, கூட வந்த காடன் மூட்டிய தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் பல்லால் அதுக்கிப் பார்த்து நல்லதை மட்டும் இலையால் தைத்த கல்லையில் வைக்கிறார். பிந்திய நாட்களில் தேனும் கலக்கிறார். சிறுவயதில் புராண படனத்தில் கேட்டபோது அதை அன்பாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். இப்போது வாசிக்கும்போது, வெடுக்கு உள்ள துண்டு சாமிக்குப் போய்விடக் கூடாது என்ற வேடனின் தொழில் கவனமும் தெரிகிறது. எச்சில்படுத்தியதை மட்டும் கண்ட பூசகர் சிவகோசரியாருக்கு அது தெரியவில்லை.

திருவெம்பாவை வருகிறது. பொங்கல் வரை எழுத மாட்டேன்.

2025 ஜனவரி 18

தெமட்டகொடை வாசகர் திரும்பி வந்திருக்கிறார். இவ்வளவையும் வாசித்துவிட்டு ஒரே வரி: "ஐயா, காயடிக்காத பண்ணைக் கடுவன் பன்றிக்கும் அதே நாற்றம் இருக்கிறதே; அதை யார் துரத்தினார்கள், எந்த இரவில் விட்டார்கள்?"

இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். வளர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் இரண்டு பொருட்கள் சேர்கின்றன. ஒன்று விந்தகத்தில் உருவாகும் ஆண்ட்ரோஸ்ட்டினோன். மற்றது குடலின் கடைப்பகுதியில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் ஸ்கட்டோல். ஒன்று சிறுநீரையும் மற்றது சாணத்தையும் நினைவூட்டும். பண்ணைகளில் ஆண் குட்டிகளைக் காயடிப்பது பெரும்பாலும் இதற்காகவே. இவை உயிரோடு இருக்கும்போதே கொழுப்பில் ஊறிவிட்டவை. எவ்வளவு விரைவாகக் குடல் எடுத்தாலும், எவ்வளவு நன்றாகக் குளிரவைத்தாலும் போகாது. அதாவது தனியாகத் திரியும் வளர்ந்த ஆணாகிய தனியன் பன்றியைப் பொறுத்தவரை வாசகர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நான் 1974இல் ஒப்பிட்ட இரண்டும் பெண் பன்றிகள் என்பதால் அந்தக் கதை நிற்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லாப் பன்றிக்கும் தீர்ப்புச் சொன்னது என் பிழை.

அவருடைய உறவினர் ஒருவர் ஜா-எலவில் பன்றி வளர்க்கிறாராம். பன்றிக்காய்ச்சல் வருவதற்கு முன்பே வெட்டி உறைய வைத்த கடுவனின் கொழுப்புத் துண்டு ஒன்று வாசகரின் வீட்டில் இருக்கிறது. நாளை கொண்டுவருகிறார். சூடான சட்டியில் ஒரு சிறு துண்டை உருக்கி மணந்தால் தெரிந்துவிடும். இதுதான் உள்ளதிலேயே எளிய சோதனை.

2025 ஜனவரி 19

வந்தார். என்னைவிட இளையவர், மெல்லிய குரல், பொய் பேசும் முகம் அல்ல. சட்டியைச் சூடாக்கிக் கொழுப்பைப் போட்டோம். அது உருகத் தொடங்கியதும் மனைவி சமையலறையை விட்டு வெளியேறி பல்கனிக் கதவைத் திறந்தார். வாசகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், "இதுதான், இதுதான்" என்று.

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. குனிந்து, சட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து இழுத்தேன். சாதாரணப் பன்றிக் கொழுப்பு. சற்று இனிப்பான மணம்கூட.

ஆண்ட்ரோஸ்ட்டினோனை மனிதரில் கணிசமான பங்கினரால் மணக்கவே முடியாது. சிலருக்கு அது சிறுநீர், சிலருக்கு இனிமை, சிலருக்கு வெறுமை. ஓஆர்7டி4 என்ற ஒரேயொரு மணவாங்கியின் மரபணுவில் இருக்கும் வேறுபாட்டுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இதையெல்லாம் உயர்தர வகுப்பில் மரபியல் பாடத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். என் மூக்கை வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

தந்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தனியன் பன்றி விழுந்த நாட்களில் அவர் "நன்றாக வெட்டியிருக்கிறேன், வெடுக்கே இல்லை" என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுவார்; நானும் அவரோடு இருந்து சாப்பிடுவேன். அம்மா தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி, பழஞ்சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு குசினியிலேயே இருந்துவிடுவார்.